உசிலம்பட்டிக்கு மேற்கே இரண்டு ஏக்கர் குதிரைவாலி

மாதத்தில் ஒரு சனிக்கிழமை பஸ்ஸிலேயே போய் பஸ்ஸிலேயே திரும்புவது என் வழக்கம். இந்தத் தடவை போனது வெறும் ஊர் சுற்ற அல்ல. உசிலம்பட்டிக்கு மேற்கே என் பெயரில் இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம் இருக்கிறது. என் கணவர் அதை அந்த ஊர் மகளிர் சுயஉதவிக் குழுவுக்குக் குத்தகைக்கு விட்டிருந்தார். அவர் தவறிப்போய் ஒரு வருடம் ஆகிறது. குத்தகை தை மாதத்தோடு முடிகிறது. பிளாட் போட இடம் வேண்டுமென்று ஒரு தரகர் வீட்டுக்கு நடையாய் நடக்கிறார். எனக்கோ ஆனையூர் வீட்டின் மேல் ஒரு மாடி எடுத்துவிட வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. யாரிடமும் சொல்லாமல் போய் நிலத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, திங்கட்கிழமை தரகருக்குச் சரி சொல்லிவிடலாம் என்று மார்கழிக் கடைசிச் சனிக்கிழமை கிளம்பினேன்.

காலை 6.10க்கு ஆனையூரில் டவுன் பஸ். நமக்குத்தான் இலவசமாயிற்றே, மகராசியாக ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து 6.40க்கு ஆரப்பாளையம். அங்கே 6.55க்குத் தேனி பஸ், உசிலம்பட்டிக்கு முப்பத்தைந்து ரூபாய், 38 கிலோமீட்டர். பஸ் கிளம்பினால் எனக்குக் கண் சொக்கிவிடும், ஆனால் முழுசாகத் தூக்கம் வராது. செக்கானூரணி தாண்டியதும் இரண்டு பக்கமும் பனி இறங்கியிருந்தது. பனிக்குள் ஒரு மாடு நின்றது, கொஞ்ச தூரத்தில் இன்னொரு மாடு, அப்புறம் ஆளில்லாத ஒரு சைக்கிள். மேற்கே மலை இருக்க வேண்டிய இடத்தில் இளநீலமாக ஏதோ மிதந்தது. எது பார்த்தது, எது கனவில் வந்தது என்று இப்போது கேட்டால் என்னால் சொல்ல முடியாது.

8.10க்கு உசிலம்பட்டி. பஸ் ஸ்டாண்டு வாசலில் நாலு இட்லி, காபி, ஐம்பது ரூபாய். சட்னி சுமார். 8.45க்கு டவுன் பஸ், பதினொரு கிலோமீட்டர், மறுபடியும் இலவசம். (ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை. கேட்டுக்கொண்டார்கள்.) கட்டணம், நேரம் எல்லாம் குறித்துக்கொள்ள எப்போதும் கையில் ஒரு நோட்டு வைத்திருப்பேன். வினையே அதில்தான் வந்தது. நான் நிறுத்தத்தின் பெயரைச் சொன்னதும் கண்டக்டர் நோட்டைப் பார்த்தார், என் கண்ணாடியைப் பார்த்தார். பின்சீட்டில் சந்தைப் பையோடு இருந்த அம்மாளைத் திரும்பிப் பார்த்து, “பாண்டியம்மாக்கா, ஒங்க குழுவப் பாக்க மேடம் வந்திருக்காக” என்று குரல் கொடுத்துவிட்டு முன்னால் போய்விட்டார்.

இல்லை என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் பாண்டியம்மாள் என் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். குழுவின் தலைவி அவர்தான். யாராவது ஓர் ஆபீஸர் நோட்டும் கையுமாக வந்து விசாரித்துவிட்டுப் போவது அவர்களுக்குப் பழகிப்போன விஷயம். 9.20க்கு இறங்கி ஒரு கிலோமீட்டர் நடப்பதற்குள் போனிலேயே எல்லாரையும் கூப்பிட்டுவிட்டார். நான் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஊர் உலகத்தையே வாயால் அளக்கும் நான், என்னமோ கட்டிப்போட்ட மாதிரி கூடவே நடந்தேன்.

கல்யாணமான புதிதில் இந்த நிலத்தை ஒருமுறை பார்த்திருக்கிறேன். அப்போது இது சீமைக்கருவேலங்காடு, ஓர் ஆடுகூட உள்ளே நுழைய முடியாது. இப்போது குதிரைவாலி கதிர் முற்றித் தலை சாய்ந்து, பனி சொட்டச் சொட்ட நின்றது. நடுநடுவே மொச்சை பூத்திருந்தது, வரப்போரம் துவரை. வெயில் மெல்ல ஏற ஏற வயல் முழுக்க ஒரு மெல்லிய புகை எழுந்து கலைந்தது. மொச்சைப் பூ வாசத்தில் எனக்கு மறுபடி கண் சொக்கியது. என் நிலம்தான் இது என்று நம்பவே முடியவில்லை.

வேப்பமரத்தடியில் குழுப் பெண்கள் பன்னிரண்டு பேரும் வட்டமாக உட்கார்ந்துவிட்டார்கள். ஆபீஸருக்குச் சொல்லும் முறைப்படி ஒவ்வொருவராக எழுந்து பெயர் சொல்லி, குழுவுக்கு முன் என்ன வேலை, இப்போது என்ன என்று சொன்னார்கள். முன்பு எல்லாருமே கூலிக்குப் போனவர்கள். இரண்டு மாதம் கையாலேயே முள்ளை வெட்டி வேரைத் தோண்டியிருக்கிறார்கள். இப்போது ஆளுக்கொரு பாகம் என்று பிரிப்பதில்லை. மொத்த நிலமும் எல்லாருக்கும். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் அவள் முறையை மற்றவர்கள் செய்வார்கள், அவளுக்குப் பங்கு குறையாது. வீட்டுக்குத் தானியம் போக மிச்சத்தைச் சேர்ந்தே விற்கிறார்கள்.

கடைசியாக எழுந்தவர் ஒச்சம்மாள். வருடத்தில் ஆறு மாதம் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு செங்கல் சூளைக்குப் போனவராம். மகள் படிப்பு ஒவ்வொரு வருடமும் பாதியில் நின்றிருக்கிறது. இப்போது அவள் பத்தாம் வகுப்பு. “மூணு வருசமா வீட்டப் பூட்டல மேடம்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எனக்குக் குறுகுறுத்தது.

அப்புறம்தான் பாண்டியம்மாள் விஷயத்துக்கு வந்தார். ஆனையூர் அம்மா நிலத்தை விற்கப் போகிறதாகக் கேள்வியாம், போன மாதம் டேப்பு பிடித்து அளந்துவிட்டுப் போயிருக்கிறார்களாம். இந்த நிலம் போனால் குழுவில் பாதிப் பேர் மறுபடி வெளியூர்தான். அந்த அம்மாவுக்கு ஒரு மனு எழுத வேண்டும், ஆபீஸர் கையால் எழுதினால் மதிப்பாக இருக்கும் என்றார். இந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வெட்கம் ஒரு பக்கம், என்னைப் பற்றி என்ன சொல்வார்களோ என்று கேட்கும் ஆசை ஒரு பக்கம். நோட்டைப் பிரித்தேன்.

மேலே பெறுநர் என்று போட்டு, அவர்கள் சொன்னபடியே ‘திருமதி தமயந்தி, ஆனையூர், மதுரை’ என்று என் பெயரை நானே எழுதினேன். பாண்டியம்மாள் சொல்லச் சொல்ல எழுதினேன். “முள்ளுக்காடாக் கெடந்தப்ப இத யாரும் வெலைக்குக் கேக்கல. நாங்க சுத்தம் பண்ணிக் குடுத்ததும் கேக்குறாக. விக்கிறது உங்க இஷ்டம். எங்களுக்கு இன்னும் அஞ்சு வருசம் குடுங்க.”

என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஒருத்தரும் திட்டவில்லை. முடிக்கப் போகும்போது ஒச்சம்மாள் மட்டும் இன்னொரு வரி சேர்க்கச் சொன்னார்.

“ஒரு தடவ நேர்ல வந்து பாக்கச் சொல்லுங்க. பாத்தாப் போதும்.”

பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். ஒருவர்கூட விரலில் மை தடவவில்லை. பிறகு பாண்டியம்மாள் நோட்டை என்னிடமே நீட்டி, சாட்சிக்கு நீங்களும் ஒன்று போடுங்கள் என்றார். பேனாவை எடுத்தேன். பக்கத்தில் யாரோ கடலை உடைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பொய்ப்பெயர் எழுதக் கை வரவில்லை. தமயந்தி என்று போட்டேன்.

பாண்டியம்மாள் கீழே பார்த்தார், மேலே பார்த்தார், என்னைப் பார்த்தார். விஷயம் வட்டத்தைச் சுற்றி வர ஒரு நிமிடம் ஆனது. நான் மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது ஒச்சம்மாள் நோட்டை வாங்கி, அடுத்த பக்கத்தைத் திருப்பி, என் மடியில் வைத்தார்.

“அப்பப் பதிலயும் இப்பவே எழுதிருங்கம்மா.”

எழுதினேன். இரண்டே வரி. அதற்குப் பிறகுதான் அவர்கள் சிரித்தார்கள். நான் கொஞ்சம் அழுதேன், அதற்கும் சிரித்தார்கள். மதியம் குதிரைவாலிச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார்கள். வரப்பில் துண்டை விரித்து ஒரு மணி நேரம் தூங்கியும்விட்டேன்.

திரும்பும் பஸ் 3.15க்கு. தவறவிட்டால் 5.40தான். போக நினைப்பவர்கள் எனக்கு எழுதிக் கேளுங்கள், ஊர்ப் பெயரைத் தனியே சொல்கிறேன்; மார்கழி, தை மாதங்களில் போங்கள். சித்திரையில் அங்கே பார்க்க வெயில் மட்டும்தான் இருக்கும். தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், முள் இன்னும் ஒன்றிரண்டு கிடக்கும், அதனால் மெல்லிய ரப்பர் செருப்பு போதாது. குதிரைவாலி வேண்டுமென்றால் குழுவிடமே வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள். முக்கியமாக, கையில் நோட்டோடு போகாதீர்கள்.

மாடி இப்போதைக்கு இல்லை. யோசித்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். நிலம் என்று நான் பேசிக்கொண்டிருந்தது ஒரு பத்திரத்தைப் பற்றி. அவர்கள் பேசியது பூட்டாத வீட்டைப் பற்றி. தரகருக்கு இன்னும் போன் செய்யவில்லை. அண்ணே, இதைப் படித்தீர்கள் என்றால், ஐந்து வருடம் கழித்துக் கேளுங்கள். என்னிடம் கேட்க வேண்டாம், பாண்டியம்மாளிடம் கேளுங்கள்.