நாற்பத்தெட்டாவது போத்தல்

என் மேசையில் ஒரு ஜாம் போத்தல் இருக்கிறது. உள்ளே விரல் நீளத்தில் உடைந்த ஓர் அலுமினியத் துண்டு. போத்தலில் ஒட்டிய தாளில் குண்டு குண்டான அழகிய கையெழுத்தில் இரண்டு வரிகள். அத்தான் எழுதியவை. போன மாதம்தான் அவற்றை வாசித்தேன்.

அத்தான், அக்காவின் கணவர், தபால் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவர். ஸ்பானர் பிடித்துப் பழகாத கை. அவருக்குத்தான் அந்தச் சிவப்புக் கார் வாய்த்தது. டொக்டராக இருந்த அவருடைய பெரியப்பா லண்டனிலிருந்து கப்பலில் கொண்டுவந்த, இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார். போரில் இடம்பெயர்ந்து திரும்பியபோது அவர்களுடைய கரம்பொன் வீட்டில் ஒரு கதவுகூட மிஞ்சியிருக்கவில்லை. ஆனால் கார் நின்ற கிடுகுக் கொட்டில் இடிந்து மேலே மூடிக் கிடந்ததால் காரை எவரும் காணவில்லை. பதினாறு வயதிலிருந்து எஞ்சின்களோடு மாரடிக்கிற எனக்கு ஒரு பழைய மோட்டார் சைக்கிளைக்கூடக் கடவுள் விட்டுவைக்கவில்லை. அவருக்கோ கொட்டிலைச் சரித்து மூடிக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறார்.

எஞ்சினை வீட்டிலேயே தானே கழற்றப்போவதாக அத்தான் சொன்னபோது நான் சிரித்தேன். நான் வள்ளத்து எஞ்சின் வேலை செய்பவன். ஊர்காவற்றுறையிலிருந்து அல்லைப்பிட்டி வரை கரையில் வள்ளம் வைத்திருக்கிற சம்மாட்டிகளில் என்னைத் தெரியாதவர் இல்லை. என்னைக் கேட்பார், கொஞ்சம் பிகு பண்ணிவிட்டுப் போகலாம் என்றிருந்தேன். அவர் கேட்கவில்லை. கைபேசியில் ஒரு வெள்ளைக்காரர் கழற்றுவதைப் பார்த்துப் பார்த்து, கந்தோர் விட்டு வந்த பின்னேரங்களில் ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றினார். கழற்றியதை ஜாம் போத்தலில் போட்டு, எங்கிருந்து வந்தது, எங்கே போகவேண்டும் என்று தாளில் எழுதி ஒட்டினார். உப்புக் காற்றில் இறுகிப்போன போல்ட்டைக் கண்டால் நான் சுத்தியலைத் தூக்குவேன். அவர் டீசலை ஊற்றிவிட்டு மூன்று நாள் பொறுத்திருந்தார். அதுவும் கழன்று வந்தது! நாற்பத்தேழு போத்தல்கள் குசினி அலுமாரியில் வரிசையாக நின்றன. “இவர் ஒண்டையும் துலைக்கேல்லை, பாத்தியே?” என்று அக்கா தேத்தண்ணி தரும்போது சொன்னார். என் பட்டறையில் ஒரு போல்ட்டைத் தேட அரைநாள் போகும் என்பது அக்காவுக்குத் தெரியும். தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினேன். பொறாமைதான். வேறு பெயர் வைத்து மறைக்க விருப்பமில்லை.

எஞ்சினை வெளியே தூக்கும் நாளில்தான் என்னைக் கூப்பிட்டார். அதற்கான செயின் புளொக்கும் பனங்குற்றிகளும் என்னிடம் இருந்தன. முற்றத்தில் மூன்று குற்றிகளையும் கூட்டிக் கட்டி நிறுத்தியபோது எனக்குள் ஒரு நிமிர்வு வந்தது. வள்ளத்து எஞ்சினை நாங்கள் எப்போதும் மட்டமாகத்தான் கட்டித் தூக்குவோம். சரிந்தால் எண்ணெய் வள்ளத்துக்குள் கொட்டி, மீன் போடும் இடமெல்லாம் நாறிப்போகும். அந்தப் பழக்கத்தில் இதையும் மட்டமாகக் கட்டினேன். அத்தான் கைபேசியைக் காட்டினார்.

“தம்பி, இதிலை முன்பக்கத்தை உயர்த்தி, பின்பக்கத்தைச் சரிச்செல்லே இழுக்கினம். கியர்ப்பெட்டியும் சேர்ந்து வருகுதெல்லே?”

“அத்தான், இருபது வருசமா எஞ்சின் தூக்கிறன். உந்தப் போனுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாதோ?”

அவர் கைபேசியைச் சட்டைப் பையில் போட்டார். “சரி, நீர் சொல்லுறபடி செய்வம்.”

சங்கிலியை இழுத்தேன். எஞ்சின் ஒரு சாண் எழும்பி நின்றுவிட்டது. கியர்ப்பெட்டியின் பின்முனை காரின் அடியில் சிக்கியிருந்தது. இறக்கி, அத்தான் சொன்னபடி சரித்துக் கட்டியிருக்கலாம். ஆனால் மதிலுக்கு மேலால் அயலவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இன்னும் இரண்டு தரம் பலமாக இழுத்தேன். ‘டக்’ என்று ஒரு சின்னச் சத்தம். கியர்ப்பெட்டியை மூடியிருந்த அலுமினியக் கோது வெடித்து, ஒரு துண்டு நிலத்தில் விழுந்தது. அத்தான் குனிந்து எடுத்தார், சாரத்தில் துடைத்தார். “வாரும், தேத்தண்ணி குடிப்பம்” என்றார்.

அந்தக் கோது கொழும்பிலும் கிடைக்கவில்லை. பிறகு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள், பூசை முடிந்து அவர்கள் வீட்டுக்குப் போயிருக்கிறேன். கதிரையை இழுத்துப் போட்டு இருக்கச் சொல்வார். கார் பற்றிய கதையை அவர் எடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்க எனக்கும் வாய் வரவில்லை. போன வருடம் நெஞ்சு வலி வந்து போய்விட்டார். அந்தக் கார் ஓடுவதை அவர் ஒருநாளும் காணவில்லை.

போன மாதம் அக்கா அலுமாரியை ஒதுக்கிவிட்டு, “உனக்குத்தானே உது விளங்கும்” என்று போத்தல்களைப் பெட்டியில் போட்டுத் தந்தார். எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தெட்டு. கடைசிப் போத்தலில்தான் இந்தத் துண்டு. தாளில் இப்படி இருக்கிறது: ‘கியர்ப்பெட்டிக் கோது, பின்முனை. உடைந்தது என் பிழை.’

இத்தனை வருடம் தபால் கந்தோரில் இருந்த மனிதர், இந்த ஒன்றுக்குத்தான் விலாசத்தை மாற்றி எழுதியிருக்கிறார். பழியைக்கூட எனக்கென்று விட்டுவைக்கவில்லை. பேனையை எடுத்து, அந்த வரிக்குக் கீழே என் பெயரை எழுதினேன். அவருடைய கையெழுத்துக்குக் கீழே என்னுடையது கோழி கிளறியதுபோல் கிடக்கிறது. அதைப் பார்க்கவும் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது.