முதல் கைத் தண்ணீர்

குஞ்சம்மாளுக்குச் சொந்தமென்று நிலமில்லை, நகையில்லை. ஒரே ஒரு பெருமை இருந்தது. கல்வராயன் மலையில் கடுக்காய் பொறுக்கப் போகும் கூட்டத்துக்கு, காய்ந்த ஓடையில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் காட்டுகிறவள் அவள்தான். இருபத்திரண்டு வருஷமாக! முழங்கை ஆழத்துக்கு மணலைப் பறிப்பாள். ஊறுவதை இரண்டு முறை இறைத்துக் கொட்டுவாள். மூன்றாவது ஊறல்தான் குடிக்க. தண்ணீர் காட்டியவளுக்கே முதல் கைத் தண்ணீர் என்பது அந்தக் கூட்டத்தின் வழக்கம்.

அந்த மரியாதைக்குத்தான் ஆபத்து வந்தது. கொழுந்தனைக் கட்டிக்கொண்டு கச்சிராயபாளையத்திலிருந்து வந்த மலர்விழி, நாவல் மரத்தில் இலையும் கிளையுமாகப் பத்துப் பிளாஸ்டிக் கவர்களை மாட்டி வாயை இறுக்கிக் கட்டினாள். வெயில் ஏற ஏற, இலை விட்ட ஈரம் கவருக்குள் துளித்துளியாய்க் கோத்தது. மத்தியானத்தில் பத்துக் கவரையும் அவிழ்த்தால் ஒரு சொம்புத் தண்ணீர்!

"பாரேன், மரமே தண்ணி குடுக்குது! கைராசிக்காரிம்மா நீ" என்று வாய் பிளந்தான் இருசப்பன். வேறு யாரோ அல்ல, குஞ்சம்மாளின் புருஷன்! அன்று முதல் கைத் தண்ணீர் மலர்விழிக்குப் போயிற்று. அவள் அண்ணாந்து குடித்த ஒவ்வொரு மடக்கும் குஞ்சம்மாளின் தொண்டையில் நெருப்பாய் இறங்கியது.

மறுநாள் மலர்விழி கவர்களைக் கட்டிவிட்டு அந்தப் பக்கம் போனதும், குஞ்சம்மாள் காரைமுள் ஒன்றை ஒடித்தாள். பத்துக் கவரின் அடியிலும் குத்தினாள். பிறகு ஓடைக்கு ஓடினாள். இன்றைக்கு யாரும் தன்னை முந்தக் கூடாது! அந்த வெறியில் முதல் ஊறலையே மொண்டு நீட்டினாள்.

இருசப்பன் துப்பினான். "தூ! இன்னாடி, சேத்தக் கரைச்சுக் குடுக்கற? மலரு, உன் கவர அவுரும்மா."

கவர்களில் சொட்டுத் தண்ணீர் இல்லை. கடைசிக் கவரில் முள்முனை ஒன்று ஒடிந்து நின்றது. மலர்விழி அதைப் பார்த்தாள். குஞ்சம்மாளின் விரலில் இருந்த கீறலையும் பார்த்தாள்.

ஐயோ, இதோ சொல்லிவிடுவாள்! குஞ்சம்மாள் விரலை முந்தானைக்குள் மறைத்தாள்.

"கொரங்கு கிழிச்சிட்டுப் போயிருக்கு மாமா" என்றாள் மலர்விழி.

திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். இதை என்ன செய்வது? பெருந்தன்மையிலும் அல்லவா முந்திவிட்டாள்! குஞ்சம்மாள் மறுபடி ஓடையில் உட்கார்ந்தாள். ஒரு முறை இறைத்தாள். இன்னொரு முறை இறைத்தாள். காத்திருந்தாள். மூன்றாவது ஊறல் கண்ணாடியாய்த் தெளிந்ததும் சொம்பை மலர்விழியிடம் நீட்டினாள்.

"மொதக் கை நீ குடி."

மலர்விழி ஒரு மடக்குக் குடித்துவிட்டு, சொம்பைத் திருப்பிக் கொடுத்தபடி காதோரம் சொன்னாள்: "நீயும் குடிக்கா. காலையிலேர்ந்து மரம் மரமா ஏறிக்கினு இருந்த கொரங்குக்கும் தாகமா இருக்கும்ல?"

குஞ்சம்மாள் தலை குனிந்து குடித்தாள். தண்ணீர் குளிர்ந்து இறங்கியது. வயிற்றெரிச்சல் மட்டும் அடங்கவே இல்லை.