வானத்தைப் பெட்டியில் பிடித்த ராஜாத்தி

ராயபுரத்தில் அத்தாவுல்லா பாய் வைத்திருந்த போட்டோ கடையில் கண்ணாடித் தகடு கழுவும் வேலை ராஜாத்திக்கு. முகத்துவாரக்குப்பத்தில் பிறந்தவள்; துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வரதனைக் கட்டிக்கொண்டு ராயபுரத்துக்கு வந்தாள். ஆறு வருஷம் இருட்டறையில் சிவப்பு விளக்கின் கீழ் ஊரார் கல்யாணங்களைக் கழுவிக் கழுவி, மனிதர் முகமே அவளுக்குச் சலித்துப்போனது. 1931 தை மாதம் ஒருநாள், மூலையில் கிடந்த பழைய மரப்பெட்டி காமிராவை ஒரு ராத்திரிக்குத் தரமுடியுமா என்று பாயைக் கேட்டாள். எதற்கு என்றார். எங்கள் குப்பத்து வானத்தைப் படம் பிடிக்க என்றாள். அவர் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரமானது. பிறகு ஒரு புதுத் தகட்டையும் சேர்த்தே கொடுத்தார்.

அமாவாசையன்று அவளுடைய அண்ணன் மண்ணாங்கட்டி, புருஷன் பெண்சாதி இரண்டு பேரையும் தோணியில் ஏற்றி முகத்துவாரத்துக்கு அக்கரையில் இறக்கினான். அங்கே மணல்திட்டு, தாழம்புதர், நரி. வேறொன்றும் கிடையாது. அரிக்கேன் விளக்கை அணைத்ததும் வானம் தலைக்கு மேல் இறங்கி வந்துவிட்டது. வரதன் தன்னையறியாமல் குனிந்தான்.

ராஜாத்தி காமிராவை வடக்கே திருப்பி, அதன் முக்காலியை மணலில் ஆழமாக ஊன்றி, மூடியைக் கழற்றினாள். இரண்டு மணி நேரம் யாரும் பெட்டியைத் தொடக்கூடாது, பீடி பற்றவைக்கக்கூடாது. கண்ணாடியில் பனி படியாமலிருக்க வரதன் எட்ட நின்று பனைவிசிறியால் வீசவேண்டும். அரைமணி நேரம் ஒழுங்காக வீசினான். அப்புறம் மெல்லிய குரலில், பெட்டிக்கு விசிறி வீசும் தன்னைத் துறைமுகத்து மேஸ்திரி பார்த்தால் என்ன நினைப்பார் என்று கேட்டான். மண்ணாங்கட்டிக்குச் சிரிப்பு பீறிட்டது. ராஜாத்தி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து ஒரு நரி புதரிலிருந்து வந்து, காற்று வாங்க வந்ததைப்போல வரதனுக்குப் பத்தடி தள்ளி உட்கார்ந்தது. அண்ணனும் தங்கையும் மணலில் புரண்டார்கள். வரதன் மட்டும் சிரிப்பை அடக்கிக் கண்ணில் நீர் வழிய, நரியையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வீசினான்.

மறுநாள் இருட்டறையில் தகட்டைக் கழுவினாள். தகடு முழுக்கக் கோடு கோடாகக் கிடந்தது. கீறிவிட்டேன் பாய் என்று நீட்டினாள். அவர் விளக்கில் பிடித்துப் பார்த்து, கீறல் இத்தனை அழகாக வளையுமா என்றார். அவள் மறுபடி பார்த்தாள். ஒவ்வொரு கோடும் ஒரு நட்சத்திரம் நகர்ந்த தடம். எல்லாக் கோடும் மணல்திட்டுக்குச் சற்று மேலே ஒரே இடத்தைச் சுற்றி வளைந்திருந்தன.

"பாய், வானம் நின்னுகினு இல்ல. மொத்தமும் சுத்திகினு கீது."

அடியில் நேராக ஒரு கோடு ஓடியது. அது பழவேற்காடு பக்கம் போன கப்பலின் விளக்கு.

பட்டப்பகலில் தெருவுக்கு ஓடிவந்து அண்ணாந்து பார்த்தாள். தரை சுழன்றது. விளக்குக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பில் டிராமுக்கு நின்றவர்கள் ஒதுங்கி நின்றார்கள்.

அத்தாவுல்லா அந்தப் படத்தைப் பெரிதாக்கி, 'எடுத்தது ராஜாத்தி' என்று எழுதிக் கடை வாசலில் மாட்டினார். அவளுக்கு எழுத்து தெரியாது; பாய்தான் படித்துச் சொன்னார். அந்த வாரம் முழுக்க வழியில் போகிறவர்களை நிறுத்தி, ஒன்றும் தெரியாதவளைப்போல, "இதுல இன்னா எழுதிக்கீது, கொஞ்சம் படிச்சுச் சொல்லு" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.