ராணியின் முதுகில் ஒரு ஜிப்

என் அண்ணி தையல்காரி. அப்படிச் சொன்னால் பள்ளிச் சீருடை, தலையணை உறை என்று நினைத்துக்கொள்வீர்கள். அவள் தைத்ததெல்லாம் செத்து மண்ணாகிப்போன ராஜாக்களுக்கும் ராணிகளுக்கும். சரித்திரத் தொடர் எடுக்கும் ஒரு தொலைக்காட்சிக் கம்பெனியின் உடைப் பிரிவில் பல வருட வேலை. சண்டைக் காட்சிக்கு ஓர் அங்கி என்றால் அது ஒன்றல்ல, நான்கு. சுத்தமானது, புழுதி படிந்தது, கொஞ்சம் ரத்தம், நிறைய ரத்தம். ஆயுதம் கிழித்த கிழிசல் எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். அதற்காக ஒரு மதியம் முழுக்கக் கத்தரியும் உப்புத்தாளுமாக உட்கார்ந்திருப்பாள். நல்ல துணியைப் பாழாக்குவதற்குச் சம்பளம் வாங்கும் ஒரே ஆள் எங்கள் குடும்பத்தில் அவள்தான்.

என் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். அது வயிற்றுப்பாட்டுக்கு. மற்றபடி அவன் உயிரோடு இருந்ததே அந்த ராணித் தொடருக்காக. ராஜா இறந்த பிறகு, மூத்தாள் பெற்ற சின்னப் பையனை வைத்துக்கொண்டு கோட்டையைக் காப்பாற்றும் இளைய ராணியின் கதை அது. வாரா வாரம் பார்ப்பான், மூக்கை உறிஞ்சி அழுவான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, திரும்பவும் போட்டு, நிறுத்தி நிறுத்திக் குற்றம் தேடுவான். படைவீரன் மணிக்கட்டில் கைக்கடிகாரத் தடம், அரண்மனைக்குப் பின்னால் மின்கம்பி. அகப்பட்டதைச் சிவப்பு வட்டம் போட்டு ரசிகர் குழுவில் ஏற்றுவான். அங்கே அவனுக்குக் கழுகு என்று பெயர். வீட்டில் மூக்குக்கு முன்னால் இருக்கும் உப்பு டப்பா அந்தக் கழுகுக்குத் தெரியாது என்பது வேறு விஷயம்.

புருஷன் ரசிகன், பெண்டாட்டி அதே தொடரில் தையல்காரி. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். விழவில்லை. கதையை வெளியே சொல்லக் கூடாது என்று கம்பெனியில் எல்லோரிடமும் வாக்கு வாங்கியிருந்தார்கள். அண்ணியோ கல்லுளிமங்கி.

"ராணி செத்துடுவாளா மாட்டாளா? அது மட்டும் சொல்லு. சத்தியமா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று அண்ணன் அவள் பின்னாலேயே சுற்றுவான்.

"உங்க வாயா? நீங்க பல் டாக்டர்கிட்ட வாயைத் திறந்தாலே ஊருக்குத் தெரிஞ்சிடும். போய்க் கையைக் கழுவிட்டு வாங்க."

ராணியாக நடித்த அம்மாளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இருபது வருடமாகக் கதவு திறக்கும் வேலைக்காரி, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கும் அத்தை, கதை சூடு பிடிப்பதற்குள் செத்துப்போகும் அம்மா என்று ஒப்பேற்றியவர். இந்த வேஷமும் வேறொரு நடிகை வேண்டாம் என்று தள்ளியது. அண்ணி அவரை "ராணியம்மா" என்றுதான் சொல்வாள்.

முதல் பாகத்தின் கடைசி அத்தியாயம் ஒளிபரப்பான சாயங்காலம் எங்கள் வீட்டில் சாப்பாடு சீக்கிரமே முடிந்தது. நானும் அண்ணனும் டிவி முன்னால். அண்ணி சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கோட்டை மதிலில் ராணி தனியாக நிற்கிறாள். கீழே ஆற்றில் பையனை ஏற்றிய படகு விலகிப் போகிறது. அம்பு தைக்கிறது. படகில் இருக்கும் பையனுக்குத் தெரியக் கூடாதே என்று, விழாமல், வலது கையால் மதிலைப் பிடித்துக்கொண்டு, இடது கையைத் தூக்கி அவனுக்கு விடை கொடுக்கிறாள். அந்தக் கை மேலே போகப் போக முகம் படும் பாடு இருக்கிறதே! நான் எதற்கும் அழாதவள். என் கண்ணாடியே மங்கிவிட்டது. படகு மறைகிறது, ராணி சரிகிறாள், திரை இருளுகிறது.

ரசிகர் குழு கொந்தளித்தது. அண்ணன் ஒவ்வொன்றாக வாசித்தான். "அம்பு பட்டது அவளுக்கு, வலிக்கிறது எனக்கு" என்று ஒருவர். "நாளைக்கு ஆபீசுக்கு வர மாட்டேன், வீட்டில் துக்கம் என்று சொல்லப் போகிறேன்" என்று இன்னொருவர். "அந்த இடது கைக்கே தனியாக விருது கொடுக்கலாம்" என்று ஓர் அம்மாள். என் அண்ணனும் ஒரு பக்கம் எழுதினான். வலியை இப்படி நடித்தவர் இதுவரை யாரும் இல்லை, இனி பிறக்கவும் மாட்டார் என்று.

அதோடு தூங்கப் போயிருக்கலாம். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இவன் விரலால் கெட்டான். மூக்கைச் சிந்திவிட்டு, பழக்க தோஷத்தில் காட்சியைத் திரும்ப ஓட்டினான். ராணி மல்லாந்து விழாமல் வலது பக்கமாகப் புரண்டு விழுந்திருந்தாள். அங்கித் துணி ஒதுங்கிய ஒரு கண நேரம், முதுகில் பித்தளை நாக்கோடு பளிச்சென்று ஒரு ஜிப்.

"மாட்டிக்கிச்சு!" என்று கத்தினான். "நானூறு வருஷத்துக்கு முன்னாடி ஏது ஜிப்?" வட்டம் போட்டான், ஏற்றினான். அண்ணி கடைசித் தட்டைக் கழுவிக் கவிழ்ப்பதற்குள் அது ஊரெல்லாம் பரவிவிட்டது. அழுதுகொண்டிருந்த கூட்டம் அப்படியே சிரிக்க ஆரம்பித்தது. ராணியின் பையில் செல்போன் இருக்கிறதா என்று கேட்டார்கள். ஜிப்பைத் திறந்தால் உள்ளே அடுத்த பாகம் இருக்கும் என்றார்கள். உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியுமா?

"இங்க வந்து பாரு, உங்க கம்பெனியில எவனோ ஒரு புண்ணியவான் பண்ணின வேலையை!" என்று அண்ணன் கூப்பிட்டான்.

அண்ணி ஈரக் கையைத் துடைத்தபடி வந்து பார்த்தாள். நன்றாகக் குனிந்து பார்த்தாள்.

"எவனோ இல்லைங்க, நான்தான்" என்றாள்.

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. படத்தை உடனே எடுத்துவிட்டான். எடுத்து என்ன பயன்? ஆயிரம் பேர் அதை அதற்குள் பத்திரப்படுத்திவிட்டார்கள்.

மறுநாள் காலை, அண்ணன் வேலைக்குப் போன பிறகு, அண்ணி என்னிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னாள். கடைசிக் காட்சி எடுக்கும் வாரத்தில் ராணியம்மா வீட்டு மாடிப்படியில் விழுந்து இடது காறை எலும்பு முறிந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. உடுப்பு போட்டுப் பார்க்க வந்தபோது கையைத் தூக்க முடியாமல் பல்லைக் கடித்திருக்கிறார். அண்ணி கண்டுபிடித்துவிட்டாள். சொன்னால் தன்னை நிறுத்திவிட்டு வேறு யாரையாவது முதுகு காட்டி நிற்கவைத்து முடித்துவிடுவார்கள் என்று அந்த அம்மாள் அழுதிருக்கிறார். அந்த அங்கி தலைவழியே மாட்டி, முதுகில் கயிறு இழுத்துக் கட்டுவது. கையும் தூக்க வேண்டும், கயிறு இழுத்தால் தோளும் இழுக்கும். நாலு உடுப்பையும் மாற்றி மாற்றிப் போட வேண்டிய நாள் வேறு. அதனால் நான்கையும் முதுகில் கழுத்திலிருந்து இடுப்புவரை வெட்டி, ஜிப் வைத்து, மேலே ஒரு பட்டி தைத்து மறைத்துவிட்டாள். மல்லாந்து விழுந்திருந்தால் பிரச்சினையே இல்லை. முறிந்த தோள் தரையில் படக் கூடாதென்று உடம்பு தானாகப் புரண்டுவிட்டது.

"அப்போ அந்த முகம்?" என்று கேட்டேன்.

"நிஜ வலிம்மா. உன் அண்ணன்கிட்ட சொல்லிடாதே."

பத்து மணிக்குக் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. ஜிப் வைத்தது யார், ஏன் என்று விசாரணை. பதில் சரியில்லை என்றால் இரண்டாம் பாகத்தில் வேலை கிடையாது. அண்ணனின் சம்பளம் வாடகைக்கும் அவன் செல்போனுக்கும் சரியாகப் போகும். வீடு ஓடுவது அண்ணியின் சம்பளத்தில்தான். நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு லீவு சொல்லிவிட்டு அவளோடு கிளம்பினேன்.

"உள்ளதைச் சொல்லிடுங்க அண்ணி. உங்களுக்கென்ன வேண்டுதலா?"

"சொல்லத்தான் போறேன். இவ்வளவு வருஷத்தை ஒருத்திக்காகத் தூக்கிப் போட முடியுமா?" பஸ்ஸில் இதையே இரண்டு மூன்று தடவை சொன்னாள். யாரும் எதிர்த்துப் பேசாதபோது ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறாள் என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

உடைப் பிரிவு ஒரு நீளமான ஹால். இரண்டு பக்கமும் கம்பிகளில் உடுப்புகள், நடுவில் துணி வெட்டும் மேஜைகள், மூலையில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் பொறுப்பாளரின் அறை. என்னை வெளியே ஸ்டூலில் உட்காரச் சொன்னார்கள். கதவு முழுசாகச் சாத்தவில்லை. உள்ளே பொறுப்பாளர், டைரக்டர், சால்வை போர்த்திய ராணியம்மா. திரையில் பார்த்ததைவிடச் சின்ன உருவம்.

"அந்த முகத்தாலதான் தப்பிச்சோம்" என்றார் டைரக்டர். "இல்லைன்னா மொத்தமும் சிரிப்பா சிரிச்சிருக்கும். நான் இத்தனை வருஷத்துல அப்படி ஒரு நடிப்பைப் பார்த்ததில்ல. கூச்சப்படாதீங்கம்மா, நிஜமாத்தான் சொல்றேன்."

ராணியம்மா தலையை நிமிர்த்தினார். அந்த முகத்தை நானும் பார்த்தேன், அண்ணியும் பார்த்தாள்.

"சரி, நீங்க சொல்லுங்க" என்றார் பொறுப்பாளர் அண்ணியிடம். "கயிறுன்னுதானே முடிவு பண்ணோம்? யாரைக் கேட்டு ஜிப் வச்சீங்க?"

அண்ணி வாயைத் திறந்தாள், மூடினாள்.

"அளவு தப்பா எடுத்துட்டேன் சார். உடுப்பு ஏறல. பிரிச்சுத் தைக்க நேரமில்ல. ஜிப் வச்சிட்டேன்."

"நாலு உடுப்புக்குமா?"

"நாலுக்கும்."

தையல்காரர்களை எனக்குத் தெரியும். துணி சுருங்கிவிட்டது என்பார்கள். வெட்டியவன் சரியில்லை என்பார்கள். உங்கள் உடம்பு பெருத்துவிட்டது என்று முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். அளவு தப்பாக எடுத்தேன் என்று தன் வாயால் சொன்ன ஒரு தையல்காரியை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். பொறுப்பாளரே ஒரு நிமிடம் நம்பாமல் விழித்தார். பிறகு, அடுத்த பாகத்துக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். ராணியம்மா மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கண்ணாடித் தடுப்பை உதைத்திருப்பேன்.

நாங்கள் படியிறங்கும்போது பின்னால் செருப்புச் சத்தம். ராணியம்மா. ஒரு கையில் கோட்டு. எங்கள் முன்னால் வந்து நின்றார். அண்ணி அந்தக் கோட்டை வாங்கினாள். இடது கையை மெதுவாக முதலில் நுழைத்து, பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்து, வலது கையை நுழைத்து, பொத்தான் போட்டுவிட்டாள்.

"இன்னும் வலிக்குதா?"

"வலிக்குது" என்றார் அந்த அம்மாள். அழுதுவிட்டார்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் நான் பிடித்துக்கொண்டேன். "ஒரு நன்றி சொன்னாங்களா? உங்களுக்கு மண்டையில மசாலா இருக்கா அண்ணி?"

"சொல்லத்தான்மா போனேன். நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. அந்த ஆள் நடிப்பைப் பத்திச் சொன்னதும் எப்படி நிமிர்ந்தாங்க பாத்தியா? இருபது வருஷமா அதை ஒருத்தரும் அவங்ககிட்ட சொன்னதில்ல. அது நடிப்பில்ல, எலும்புன்னு நான் எப்படிச் சொல்றது?"

"உங்க வேலை?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அந்த வேலையை அவளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

அண்ணன் வேலையிலிருந்து சீக்கிரமே வந்து வீட்டில் காத்திருந்தான். வேலைக்குப் போன இடத்திலிருந்தே அவன் குழுவில் ஓர் அறிவிப்பு போட்டிருக்கிறான். ஜிப் வைத்தது என் மனைவி, அவள் கைவேலை இல்லாமல் இந்தத் தொடரே இல்லை, சிரித்தது போதும் என்று. கொஞ்சம் பேர் மன்னிப்புக் கேட்டிருந்தார்கள். மிச்சப் பேர், வீட்டுக்காரியையே காட்டிக்கொடுத்த கழுகு என்று புதிதாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணி வேலை போன கதையைச் சொன்னாள். அளவு தப்பாக எடுத்ததாகச் சொன்னதும் அவன் எழுந்து நின்றுவிட்டான்.

"நீயா? இருக்கவே இருக்காது. வேற ஏதோ இருக்கு. என்கிட்ட சொல்லு."

அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"வேற ஒண்ணும் இல்லைங்க. நிஜமாவே தப்பா எடுத்துட்டேன்."

அவன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். எல்லாம் தன்னால்தான் என்று புலம்பினான். அவள் இல்லை என்றாள், அவன் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, அவளுக்கு ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டுமே என்று தேடி எடுத்ததைப்போலச் சொன்னான்.

"ஆனா ஒண்ணு. ஜிப் என்ன, பின்னாடி ரயிலே போனாலும் அந்த முகத்தை யாராலும் கெடுக்க முடியாது. நீ இன்னும் பாக்கவே இல்லையே. வா, உக்காரு."

போட்டுக் காட்டினான். மதில், படகு, அம்பு. இடது கை மேலே போகிறது. அண்ணியின் கை தன்னையறியாமல் தன் தோளைப் பிடித்துக்கொண்டது. அண்ணன் வழக்கம்போல அழுதுகொண்டே அவள் பக்கம் திரும்பினான்.

"பாத்தியா?"

அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பாத்தேங்க" என்றாள். "ரொம்ப நல்லா நடிச்சிருக்காங்க."