கையில் பிடித்த செருப்பு

செருப்புத் தைக்கிறவனைத் தேடி வந்து, "நன்றாக இருக்கிறது" என்று சொன்னவர் ஒருவரும் இல்லை. கடிக்கிறது என்று சொல்லத்தான் வருவார்கள். இந்தத் தொழிலில் இருக்கும் சகோதரர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. நான் இருந்தது புத்தூர்ப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில். தொழுநோயாளிகளுக்கு மோட்டார் டயரில் செருப்புத் தைப்பது என் வேலை.

கடிக்கிறதா?

கன்னியம்மா சத்தியவேட்டுப் பக்கத்துச் சேரியிலிருந்து வந்தவள், கூலி வேலைக்காரி. வலது பாதத்தில் உணர்ச்சி இல்லை. அடியில் ஆறாத புண். இனி வெறுங்காலோடு நடந்தால் காலையே எடுக்க வேண்டி வரும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். மூன்று நாள் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துத் தைத்தேன். மாட்டிவிட்டு, பழக்கதோஷத்தில், "கடிக்கிறதா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"நாய் கடிச்சாலே எனுக்குத் தெரியாது, அண்ணா. நீயே குனிஞ்சி பாத்துச் சொல்லு."

புத்தம் புதுசு

அடுத்த மாதம் வந்தாள். புண் பெரிதாகியிருந்தது. செருப்பு மட்டும் ஒரு தூசி படாமல், துணியில் சுற்றி அவள் இடுப்பில் இருந்தது. கோபத்தில் கத்திவிட்டேன். அப்புறம்தான் சொன்னாள்: பஸ் ரோட்டுக்கு ஊர்த் தெரு வழியாகத்தான் வர வேண்டுமாம், அங்கே அவர்கள் ஜனம் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டுமாம். போட்டுப் போட்டுக் கழற்றுவானேன் என்று போடுவதையே விட்டுவிட்டாள்.

ஆந்திர ராஜ்யம் பிறந்து, எந்தக் கிராமம் எந்தப் பக்கம் என்று இழுபறி நடந்துகொண்டிருந்த காலம் அது. "உங்கள் ஊர் ஆந்திராவோடு சேர்ந்தால் எல்லாம் மாறிவிடும்" என்றேன், பெரிய தலைவர் மாதிரி.

"இந்தாண்ட போனாலும் அந்தாண்ட போனாலும் அந்தத் தெருவு அங்கியேதானே கீது, அண்ணா?"

சாட்சி

என் வாய் சும்மா இருக்குமா? ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து, "ஆண்டவர் ஏழைகளோடு நடந்தார், நானும் இந்தச் சகோதரியோடு அந்தத் தெருவில் செருப்புக் காலோடு நடப்பேன்" என்று சாட்சி சொன்னேன். நாலு பேர் அல்லேலூயா போட்டார்கள். போதகர் திங்கட்கிழமையே கிளம்பச் சொல்லிவிட்டார்.

பஸ்ஸை விட்டு இறங்கி அவள் முன்னே, நான் பின்னே. தெருமுனையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த பெரிய விவசாயி நிமிர்ந்து, "இன்னாடி அது கால்ல?" என்றார்.

"காலு போவாம இருக்க டாக்டரம்மா குட்த்தது, சாமி" என்று சொல்லிவிட்டு அவள் நிற்காமல் நடந்தாள். பயம்தான், கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது. அந்த மனிதர் வாளியோடு அப்படியே நின்றுவிட்டார். பத்தடி போனவள் திரும்பி என் கையைப் பார்த்தாள். நானும் பிறந்தது அப்படி ஒரு சேரியில்தான். தெருமுனையைக் கண்டதும் என் செருப்பு எப்போது கைக்கு வந்தது என்று எனக்கே தெரியவில்லை. வெட்கத்தில் செத்தேன்.

"எனுக்குத்தான் காலு செத்துப்போச்சி. உனுக்கு இன்னா ஆச்சி, அண்ணா? போடு, நான் நிக்கிறேன்."

அவள் புண் மூன்று மாதத்தில் ஆறியது; எனக்கோ, சபையில் சாட்சி சொல்ல முந்திக்கொண்டு எழுந்திருக்கும் வியாதி அன்றைக்கே குணமாகிவிட்டது.