கருங்கோளன் வேஷம் கட்டிய திருவேங்கடம் சார்

மளிகைக்கடை முருகேசன் அண்ணாச்சி காலையில் என் வீட்டுக் கதவைத் தட்டும் ஆள் இல்லை. அன்று தட்டினார். "சார், கொஞ்சம் வாங்க. வேங்கடம் சார் இன்னும் பால் பாக்கெட்ட எடுக்கல" என்றார். தனியாக வாழ்கிறவர்களைப் பற்றிய செய்தி இப்படித்தான் வந்து சேர்கிறது. கதவைத் தள்ளித் திறந்து உள்ளே போனபோது அவர் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். தூக்கத்திலேயே போயிருக்கிறார்.

உங்களில் பலருக்கு அவர் கணக்கு வாத்தியார். பிரம்பு எடுக்காமலேயே வகுப்பை அடக்கியவர் என்று சொல்வீர்கள். எனக்கு அவரை அப்படித் தெரியாது. நான் வேறு பள்ளியில் தமிழ் நடத்தியவன். ஓய்வு பெற்ற பிறகுதான் இந்தத் தெருவுக்குக் குடிவந்தேன். அவர் மனைவி அதற்கு முன்பே தவறிவிட்டார். நானும் தனி ஆள். சாயங்காலம் இருவரும் துறைமுகச் சாலையில் நடப்போம். பேசுவது குறைவு. உப்பு லாரி ஒன்று கடந்து போனால் "இன்னைக்கு லோடு அதிகம் வே" என்பார். அடுத்த லாரி வரும்வரை அதுவே பேச்சு.

அவருக்கு ஒரு மகள் உண்டு என்பதே எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. பெயர் ஆண்டாள். அவர் பெருமாள் கோயில் ஊரில் பிறந்தவர், நெற்றியில் நாமம் இல்லாமல் வாசல் தாண்டாத குடும்பம். மகளோ ஏரலில் கடை வைத்திருக்கும் ஒரு பையனை விரும்பிக் கட்டிக்கொண்டாள். அது திருநீறு பூசும் வீடு. "இனிமே என் வாசல்ல கால வைக்காத" என்று சொல்லிவிட்டார். அவளும் சொன்ன சொல்லைக் கேட்டுக்கொண்டாள். கேட்காமல் வந்து நிற்பாள் என்று அவர் எதிர்பார்த்தார் என நினைக்கிறேன்.

ஒரு நாள் நடந்துகொண்டிருக்கும்போது, "குலசைக்கு மாலை போடலாம்னு இருக்கேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குலசேகரன்பட்டினத்து அம்மனுக்கு நேர்ந்துகொண்டு, தசராவுக்கு வேஷம் கட்டி, வீடு வீடாகப் போய்க் காணிக்கை வாங்குவது நம் பக்கத்து வழக்கம். பெருமாள் வீட்டுக்காரர் அதற்கு மாலை போடுவதை நான் பார்த்ததில்லை.

"பெருமாள் கோவிச்சுக்கிட மாட்டாரா?" என்று கேட்டேன்.

"அவர்ட்ட பேசியாச்சு" என்றார். பிறகு கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, "வேஷக்காரன் வாசல்ல வந்து நின்னா யாரும் போன்னு சொல்லமாட்டாங்க. சொல்லவும் கூடாது. அதுதான வழக்கம்?" என்றார். யார் வாசல் என்று நான் கேட்கவில்லை.

எங்கள் தெருத் தசராக் குழுவுக்கு முருகேசன் அண்ணாச்சிதான் தலைவர். என்ன வேஷம் என்று கேட்டார். "கருங்கோளன்" என்றார் சார். ஆண்டாள் சிறுமியாக இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் வந்த வில்லன் அவன். இருட்டுக் கிரகத்து ராஜா, கழுத்து வரை இறங்கும் கறுப்புத் தலைக்கவசம் போட்டிருப்பான். தெருப் பிள்ளைகள் எல்லாம் கதாநாயகன் பக்கம் நிற்க, ஆண்டாள் மட்டும் கருங்கோளன் கட்சியாம்.

அண்ணாச்சி தலையைச் சொறிந்தார். "சார், காளி இருக்கு, ராசா இருக்கு, குரங்கு இருக்கு, போலீசுகூட இருக்கு. இது எதுல சேத்தி?"

"வில்லன்ல சேத்தி."

"அப்ப அசுரன்னு வச்சிக்கிடுவோம். அம்மனுக்கும் சண்ட போட ஆளு வேணும்லா?"

அந்தத் தலைக்கவசத்தை அவர் வீட்டிலேயே செய்தார். முதலில் மைதாப் பசையில் செய்தித்தாளை ஒட்டி, தலை அளவுக்கு ஒரு கூடு. டேப் வைத்து அளந்தார். கணக்கு வாத்தியார் அளந்தால் பிசகுமா என்று நானும் சும்மா இருந்தேன். காய்ந்த கூடு தலையில் இறங்கியது. வெளியே வரவில்லை. இறங்கும்போது மடங்கிக்கொடுத்த காதுகள் ஏறும்போது மறுத்துவிட்டன. நான் கத்தரிக்கோலால் பின்பக்கத்தை வெட்டி அவரை வெளியே எடுத்தேன். காது இரண்டும் தக்காளிபோலச் சிவந்திருந்தன. "சுற்றளவு சரிதான் வே. காதுக்குச் சூத்திரம் கிடையாது" என்றார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

இரண்டாவது முயற்சிக்குப் பழைய பைக் ஹெல்மெட் ஒன்றை அடிப்படையாக வைத்துக்கொண்டார். கன்னத்துக்குப் பிளாஸ்டிக் வாளியை வெட்டி எம்-சீல் பசையால் ஒட்டினார். வாய்க்கு டீ வடிகட்டி. கண்ணுக்கு, துறைமுகப் பட்டறையில் வெல்டிங் செய்கிறவர்கள் வைத்திருக்கும் கறுப்புக் கண்ணாடி. அது வழியாகப் பார்த்தால் பட்டப்பகலில் சூரியன் மட்டும்தான் தெரியும். அப்புறம் அதை எடுத்துவிட்டு, கார் கண்ணாடிக்கு ஒட்டும் கறுப்புத் தாளை மாட்டினார். பைக்குக்குப் பெயின்ட் அடிக்கும் கடையில் கொடுத்துக் கறுப்பு அடித்து வாங்கினார். மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் வெகுநேரம் நின்றார். "என் கண்ணு தெரியுதா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அது அவருக்கு முக்கியமாக இருந்தது. காளி வேஷம் என்றால் சாயத்துக்குள்ளும் முகம் தெரியும். இதில் ஒன்றும் தெரியாது.

ஏரலுக்குக் குழுவோடு நானும் திருநீற்றுத் தட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். ஆண்டாளுக்கு என்னைத் தெரியாது. மேளச் சத்தம் கேட்டு அவளே வெளியே வந்தாள், இடுப்பில் ஒரு பெண் குழந்தை. கறுப்புத் தலையைப் பார்த்ததும், "ஏளா, இங்க பாரு! கருங்கோளன் வந்திருக்கான்!" என்று குழந்தையிடம் சொல்லிச் சிரித்தாள். தட்டில் காணிக்கை போட்டாள். "சாமி, பிள்ளைக்குத் திருநீறு பூசுங்க" என்றாள். வேஷம் எதுவானாலும், அது வில்லனே ஆனாலும், கட்டியவர் சாமிதான்.

ஆசிரியர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. உதாரணத்துக்கு, சுவரொட்டியில் ஒற்றுப்பிழை இருந்தால் என் விரல் தானாக எழுந்து காற்றில் அதைத் திருத்தும். கைக்குத் தனியாக ஒரு நினைவு இருக்கிறது. திருநீறு பூசுகிறவர்கள் விரல்களைக் குறுக்காக இழுப்பார்கள். சார் ஒரே விரலில் திருநீற்றைத் தொட்டு, குழந்தையின் நெற்றியில் கீழிருந்து மேலாக, நாமம்போல நெட்டுக்கு ஒரு கோடு இழுத்தார்.

ஆண்டாள் அந்தக் கோட்டைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. கோட்டை அழிக்கவும் இல்லை, திருத்தவும் இல்லை.

"சாமி, உள்ள வந்து ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்றாள். கறுப்புத் தலை வேண்டாம் என்று அசைந்தது. "வெயில்ல நடந்து வந்திருக்கீய. அந்தத் தொப்பியக் கழத்தி வச்சிட்டு ஒரு நிமிசம் உக்காருங்க." அவர் இரண்டு கைகளையும் கூப்பினார். திரும்பி நடந்துவிட்டார்.

பேருந்து நிலையத்தில் அவரிடம் சொன்னேன், அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று.

"அவ சாமியக் கூப்பிட்டா வே. என்னையக் கூப்பிடல."

"தொப்பியக் கழத்திட்டு உக்காருன்னு எந்தச் சாமிகிட்ட வே சொல்லுவாங்க?"

"மாலை போட்டிருக்கு. வேஷத்த நடுவுல கலைக்கக் கூடாது." அதோடு பேச்சை முடித்துக்கொண்டார்.

தசரா கழிந்து மாலையும் கழற்றியாயிற்று. ஒரு சாதாரணச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஏரலுக்குப் பேருந்து ஏறினால் என்ன என்று பலமுறை கேட்டேன். ஒரே பதில்தான். "வேஷத்தோட போனா அவளால இல்லன்னு சொல்ல முடியாது. வெறும் மூஞ்சியோட போனா சொல்லலாம்லா?" பல தலைமுறைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த மனிதர், அந்த ஒரு வாய்ப்பை மட்டும் தாங்க முடியாமல் இருந்தார்.

இந்த ஆண்டு தசராவுக்காக அந்தக் கவசத்தில் ஒரு வேலை செய்துகொண்டிருந்தார். தாடையைத் தனியாக அறுத்து, தகரப்பெட்டிக் கீல் வைத்து, தூக்கினால் வாய் மட்டும் திறக்கும்படி பொருத்தினார். எதற்கு என்றேன். "இந்தத் தடவ காப்பி குடிச்சிருவேன்" என்றார். காலி டம்ளரை வைத்து எனக்குக் குடித்தும் காட்டினார். கீல் கொஞ்சம் கிரீச்சிட்டது. எண்ணெய் விட வேண்டும் என்றார். புரட்டாசி பிறக்கவில்லை. அதற்குள் போய்விட்டார்.

ஏரல் கடைக்கு நான்தான் தொலைபேசியில் சொன்னேன். மகள் கணவரோடும் குழந்தையோடும் வந்தாள். வாசல்படிக்கு வெளியே நின்றுவிட்டாள். உள்ளே எல்லாரும் அழுதுகொண்டிருக்க, அவள் என்னைப் பார்த்து, "சார், உள்ள வரலாமா?" என்று கேட்டாள். வாத்தியாராக இத்தனை வருடம் எத்தனையோ பிள்ளைகள் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அன்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன்.

எல்லாம் முடிந்த பிறகு மேசைமேல் இருந்த தலைக்கவசத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தாடை அசைவதைக் கண்டு தூக்கிப் பார்த்தாள். அது எதற்கு என்று சொன்னேன்.

"அப்பான்னு கூப்பிட்டா அப்படியே போயிருவாங்களோன்னு பயந்து, சாமின்னே கூப்பிட்டேன் சார்" என்றாள். "ரெண்டு வாட்டி கூப்பிட்டேன்."

கவசத்தை அவளே கொண்டுபோனாள். பைக்குள் அடங்காததால் பேருந்தில் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். அவர் வீடு பூட்டிக் கிடக்கிறது. துறைமுகச் சாலையில் நான் இப்போது தனியாக நடக்கிறேன். லாரி போனால் சொல்ல ஆள் இல்லை.

என்னிடம் இருப்பது ஒரு சத்தம். ஏரலில் அந்த வாசலை விட்டு நகர்ந்ததும் நடந்தது அது. அத்தனை கனத்த கவசத்தைப் போட்டிருந்தால் தன் குரலின் அளவு தனக்குத் தெரியாது. எனக்கு மட்டும் கேட்கும்படி முணுமுணுப்பதாக நினைத்துக்கொண்டு, ஊரே கேட்கக் கத்தினார்: "நல்லா இருக்கா வே! வீட்டச் சுத்தமா வச்சிருக்கா! பிள்ளைக்கு எங்க அம்மா மூக்கு!" கடைவீதியில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நானும் திரும்பிப் பார்த்தேன். ஆண்டாள் உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றிருந்தாள்.