மஸ்கட்டில் திறக்காத கதவு

லஸாத் எனக்குப் பக்கத்துக் கடைக்காரன். வாஷிங் மெஷின் ரிப்பேர் அவன் தொழில். நான் குழாயும் வால்வும் விற்பவன். துனிசியாவின் ஸ்பாக்ஸ் நகரில், கிரெம்தா சாலையின் நாலாவது கிலோமீட்டரில், இரண்டு கடைக்கும் நடுவே ஒரே ஒரு சுவர்தான். அந்தப் பக்கம் அவன் மெஷினை ஓட்டிப் பார்த்தால் இந்தப் பக்கம் என் அலமாரியில் குழாய்கள் ஆடும். சண்டை போட்டுப் பார்த்தேன். பிறகு பழகிவிட்டது.

அவன் மனைவி நஜாத் நர்ஸ். அவள் வேலை பார்த்த தனியார் மருத்துவமனையை மூடிவிட்டார்கள். ஒரு வருஷம் வீட்டிலேயே இருந்து பார்த்தாள். அவளால் சும்மா உட்கார முடியாது. வீட்டிலிருந்த பாத்திரமெல்லாம் தேய்ந்துபோகும் அளவுக்குத் துலக்கினாள் என்று லஸாத் சொல்வான். அப்புறம் மஸ்கட்டில் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்தது. இரண்டு வருஷம்தான் என்று சொல்லிவிட்டுப் போனாள். துனிஸ் விமான நிலையத்தில் அவளை ஏற்றிவிட்டுத் தன் பழைய வேனில் தனியாகத் திரும்பினான். வழியில் ஜெம் ஊருக்கு அருகே வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினானாம். எதற்கு நிறுத்தினோம் என்று அவனுக்கே தெரியவில்லை. போலீஸ்காரர் வந்து கண்ணாடியைத் தட்டியதும்தான் கிளப்பினானாம்.

அவர்களுக்குக் குழந்தை இல்லை. கடைக்கு மேலே இருக்கும் வீட்டில் அவன் மட்டும். காலையில் என் கடைக்கு வந்து காபி குடிப்பான். மதியம் எதிர்க்கடையில் முட்டையும் டுனாவும் வைத்த ரொட்டி. அவன் தொழில் அப்படி, ஊரில் யார் வீட்டுக்குப் போனாலும் அந்த வீட்டு ஈரத்துணியைப் பார்த்தாக வேண்டும். "அண்ணே, ஒரு வீட்டுல டிரம்மைத் திறந்தேன். புருஷன் சட்டைக் கையும் பொண்டாட்டி சால்வையும் முறுக்கிக்கிட்டுக் கிடக்குது. பிரிக்கவே முடியல. அந்தம்மா வெட்கப்பட்டுக்கிட்டு வாங்கிட்டுப் போயிட்டாங்க" என்று ஒரு நாள் சொன்னான். சொல்லிவிட்டு வெறும் காபிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தினமும் இருவரும் போனில் பேசுவார்கள். முதலில் நீளமாகப் பேசினார்கள். போகப்போகப் பேச்சு சுருங்கியது. சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்கும். சாப்பிட்டியா, சாப்பிட்டேன். வெயிலா, வெயில்தான். சரி, வைக்கட்டுமா. பாசம் குறைந்துவிடவில்லை. ஒரே வீட்டில் இருந்தால் பேசாமலே நடந்துவிடும் விஷயங்களை அவர்கள் போனில் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னால் அவை ஒன்றுமில்லாததாகிவிட்டன.

போன வருஷ மாசிக் குளிரில் ஒரு வெள்ளிக்கிழமை. நான் அவன் கடையில் உட்கார்ந்திருந்தேன். நேரம் கெட்ட நேரத்தில் நஜாத் கூப்பிட்டாள். இங்கே காலை, அங்கே மதியம். லஸாத் பதறிப்போய் எடுத்தான். திரையில் அவள் முகம் சிவந்திருந்தது.

"என்ன ஆச்சு? உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கென்ன? உன் ஜாதிக்காரன்தான் மக்கர் பண்றான்" என்று போனைத் திருப்பினாள். முன்பக்கம் கதவு வைத்த ஒரு வெள்ளை வாஷிங் மெஷின். கண்ணாடிக்கு உள்ளே துணிகள். "துவைச்சு முடிச்சிருச்சு. கதவு திறக்க மாட்டேங்குது. என்னோட ரெண்டு யூனிஃபார்மும் உள்ள. நாளைக்குக் காலையில டியூட்டி. வீட்டு ஓனரோட மெக்கானிக் ஞாயித்துக்கிழமைதான் வருவானாம்."

பின்னாலிருந்து இன்னொரு குரல்: "என்னோடதும் உள்ளதான் இருக்கு, லஸாத்! ஸ்பாக்ஸ்காரன் சும்மா வாய் திறக்க மாட்டானாமே. எங்களுக்குக் கூலி எவ்வளவு, அதை முதல்ல சொல்லிடு!" அது மப்ரூக்கா. எங்களுக்குத் தெற்கே இருக்கும் காபெஸ் ஊர்க்காரி. நஜாத்தோடு அறையில் தங்கியிருக்கும் நர்ஸ்.

"காபெஸ்காரிங்களுக்கு ரெட்டைக் கூலி" என்று சிரித்தான் லஸாத். அவன் அப்படிச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "தண்ணி உள்ள நிக்குதா பாரு. தண்ணி நின்னா அது திறக்கவே திறக்காது."

"இல்ல. சொட்டுகூட இல்ல."

"சரி, பிளக்கைப் பிடுங்கு. பூட்டுக்குள்ள சூடாகிற பாகம் ஒண்ணு இருக்கு. அது ஆறினாத்தான் நாக்கு பின்னால போகும். கொஞ்ச நேரம் விடு. கைப்பிடியைப் போட்டு இழுக்காத, உடைஞ்சிரும்."

"இழுத்தாச்சு" என்றாள் மப்ரூக்கா.

காத்திருந்தார்கள். செய்வதற்கு ஒன்றுமில்லை. நஜாத் போனை எதன் மேலோ சாய்த்து வைத்துவிட்டுத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். தலையில் துண்டு. அவன் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். எழுந்து போய்விடலாமா என்று எனக்குத் தோன்றியது. அவன் கை என் முழங்காலில் இருந்தது. அதை அவன் கவனிக்கவில்லை.

"வேன்ல பின் சீட்டைக் கழட்டிட்டேன். ஏப்ரல்ல நீ வரும்போது உன் பெட்டியெல்லாம் வைக்கலாம்" என்றான்.

அவள் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஏன்டி, நீ இன்னும் அவர்கிட்ட சொல்லலையா?" மப்ரூக்கா கேட்டுவிட்டாள். கேட்ட உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன சொல்லணும்?"

நஜாத் துண்டின் நுனியை முறுக்கினாள். "இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன், லஸாத். போன வாரம்."

மெக்கானிக் கடை என்றால் எப்போதும் ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். அன்றைக்கென்று ஒன்றும் ஓடவில்லை. லஸாத் திரையிலிருந்து கண்ணை எடுத்துச் சுவரைப் பார்த்தான். பிறகு தொண்டையைச் செருமினான்.

"ஆறியிருக்கும். இப்பத் திறந்து பாரு."

திறக்கவில்லை.

அதற்குப் பிறகு அவன் மெக்கானிக்காக மட்டும் பேசினான். காவலாளியிடம் ஸ்க்ரூடிரைவர் வாங்கி வரச் சொன்னான். பின்பக்கம் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி மேல்பலகையை எடுக்க வைத்தான். மப்ரூக்காவை மெஷினைப் பின்னால் கொஞ்சம் சாய்த்துப் பிடிக்கச் சொன்னான். "டிரம் பின்னால சாயும். அப்ப முன் தகட்டுக்கும் டிரம்முக்கும் நடுவுல கை போற அளவு இடம் விடும். பிளக்கு வெளியதானே இருக்கு? சரி, வலது கையை விடு."

"எதுவும் தெரியலையே."

"பார்க்காத. கையால தடவிப் பாரு. நரம்பு தெரியாத கையில ஊசி போடுவியே, அப்படித்தான்." அவன் கண்ணை மூடிக்கொண்டான். தன் கையையும் காற்றில் கீழே இறக்கினான். "ரப்பர் தட்டுப்படுதா? அதை ஒட்டியே இன்னும் கீழ போ. கதவுக் கைப்பிடிக்கு நேர் பின்னால. ஒரு சின்ன பிளாஸ்டிக் பெட்டி."

"இருக்கு. இருக்கு."

"அதுல நகம் அளவுக்கு ஒரு நாக்கு துருத்திக்கிட்டு இருக்கும். பக்கவாட்டுல தள்ளு. பயப்படாத."

"நான் எங்க பயந்தேன்? முதுகுதான் வலிக்குது." டக் என்று ஒரு சத்தம். கதவு தானாகத் திறந்துகொண்டது. மப்ரூக்கா போட்ட குலவையில் போனே அதிர்ந்தது.

துணியை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். லஸாத் விடவில்லை. "இப்படியே விட்டா அடுத்த தடவையும் பூட்டிக்கும். பூட்டைக் கழட்டு." ரப்பரைச் சுற்றியிருக்கும் கம்பி வளையத்தைத் தளர்த்தி, ரப்பரை ஒரு பக்கம் உரித்து, பூட்டை வெளியே எடுக்கும்வரை ஒவ்வொன்றாகச் சொன்னான். பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினாள். உள்ளேயிருந்து சட்டையில் பெயர் அட்டை குத்தும் ஊக்கு ஒன்று, பாதி ஒடிந்தது, விழுந்தது. கூடவே உறைந்துபோன சோப்புத்தூள். ஊக்கு மப்ரூக்காவுடையது. அதைப் பற்றி இரண்டு பெண்களும் கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள். நஜாத் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துப் பூட்டைத் துடைத்த விதத்தைப் பார்த்து, "என் கடையில ஒருத்தனும் இவ்வளவு சுத்தமா துடைச்சதில்ல" என்றான் லஸாத்.

எல்லாவற்றையும் மாட்டி, கதவைச் சாத்தி, பட்டனை அழுத்தினாள். கதவு பூட்டிக்கொண்டது. நிறுத்தி, காத்திருந்து, திறந்தாள். திறந்தது. மப்ரூக்கா துணிகளை அள்ளிக்கொண்டு மாடிக்குப் போனாள். வேண்டுமென்றே போனாள் என்று நினைக்கிறேன். நானும் எழுந்தேன். லஸாத் என் கையைப் பிடித்து உட்கார வைத்தான். தனியாக அதைக் கேட்க அவனுக்குத் தைரியம் இல்லை.

"இப்பச் சொல்லு" என்றான்.

"அங்க எனக்கு வேலை இல்லைங்கிறது ஒண்ணு. இன்னொண்ணும் இருக்கு. வார்டையே என் பொறுப்புல விட்டிருக்காங்க. எனக்கு இது பிடிச்சிருக்கு, லஸாத். பிடிச்சிருக்குன்னு உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

அவன், "பிடிச்சிருக்குன்னா நல்லதுதானே" என்றான். "எனக்குத்தான் பிடிக்கல."

அவள் அழுதாள். அவன் அழவில்லை, மூக்கை மட்டும் துடைத்துக்கொண்டான். ஆனால் அன்றைக்குப் போனை வைக்கவும் இல்லை. தொழுகைக்கு நான் போய்விட்டுத் திரும்பியபோதும் பேசிக்கொண்டிருந்தான். அவள் நோயாளிகளைப் பற்றி அதுவரை அவன் ஒரு கேள்வி கேட்டதில்லையாம். அன்றைக்குத்தான் ஒவ்வொரு கட்டிலாகக் கேட்டான்.

ஏப்ரலில் அவள் வரவில்லை, அவன் போனான். ஒரு மாதம் இருந்தான். அங்கேயே வேலை தேடலாமே என்று கேட்டேன். பக்கத்துத் தெருவில் படுக்கையில் கிடக்கும் தன் அப்பாவைச் சுட்டிக்காட்டினான். அவரை இரவில் திருப்பிப் படுக்க வைக்க வேறு யாரும் இல்லை. அந்த ஒரு மாதம் அத்தைமகன்தான் பார்த்துக்கொண்டான். இரண்டு வருஷம் பார்க்க மாட்டான். புறப்படும்போது நஜாத், "ரெண்டே வருஷம்தான்" என்றாளாம். "போன தடவையும் இதையேதான் சொன்ன" என்று இவன் சொல்ல, விமான நிலையத்திலேயே இருவரும் சிரித்துவிட்டார்களாம்.

இப்போது இரண்டாவது தவணையில் ஒரு வருஷம் ஓடிவிட்டது. இப்போதெல்லாம் நீளமாகப் பேசுகிறார்கள். வார்டில் யாருக்குத் தையல் பிரித்தார்கள், யார் டாக்டரோடு சண்டை போட்டார்கள் என்பதெல்லாம் எனக்கும் தெரியும். பேச்சு கூடினால் ஏக்கம் குறையும் என்று நான் நினைத்திருந்தேன்.

போன வாரம் காபி குடிக்கும்போது அவனிடமே கேட்டேன். "தினமும் பார்க்கிற, பேசுற. இன்னும் என்னடா ஏக்கம்?"

கோப்பையைக் கீழே வைத்தான். "எங்க சமையலறை ரொம்பக் குறுகல், அண்ணே. நான் அடுப்புக்கிட்ட நின்னா அவ பின்னால போக முடியாது. என் முதுகுல கையை வச்சுக் கொஞ்சம் ஒதுக்கிட்டுத்தான் உப்பு டப்பாவை எடுப்பா. ஒரு வார்த்தை பேச மாட்டா." தோளுக்குக் கீழே கையைத் திருப்பி அந்த இடத்தைக் காட்டப் பார்த்தான். எட்டவில்லை. "அதைப் போன்ல எப்படி அண்ணே கேக்கறது?"

நான் அவன் கோப்பையில் இன்னும் கொஞ்சம் காபி ஊற்றினேன். வாசலில் யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். வீட்டில் மெஷின் தண்ணீர் கக்குகிறதாம். காபியை ஒரே வாயில் குடித்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு போனான்.